புதன்கிழமைக் கடலும் வியாழக்கிழமை செமினாரும்

அன்புள்ள அம்மாவுக்கு,

சென்ற வாரம் தங்கச்சிமடத்திலிருந்து பஸ் ஏறி, கல்லூரியில் படிக்கும் உங்கள் மகனையும் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தீர்கள். "செமினார் என்ன பெரிய பாடமா? பரீட்சையில் நன்றாக எழுதிவிட்டால் போதாதா?" என்று கேட்டீர்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

முதலில் நாள் கணக்கு. ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில்தான் கடலுக்குப் போகின்றன. படகில் ஆள் குறைகிறது என்று அப்பாவுடன் புதன்கிழமை படகேறும் உங்கள் பையன், வியாழன் காலையில்தான் கரை சேருகிறான். மீனை இறக்கி, வலையை ஒதுக்கிவிட்டு வீடு வந்தால் தூக்கம்தான் வரும். ஆக, வகுப்பில்லாமல் போவது ஒரு நாள் அல்ல, இரண்டு நாள். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாட்கள், அதாவது 18 வாரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு நாள் போனால் 36 நாட்கள் போய்விடும். வருகை 60 சதவீதத்தில் நிற்கும். தேர்வு எழுத 75 சதவீதம் வேண்டும். அதன்படி அவன் அதிகபட்சம் 22 நாட்கள்தான் விடுப்பு எடுக்க முடியும்.

குறைந்த வருகைக்குக் கட்டணம் கட்டிச் சரிசெய்யலாம் என்று யாரோ சொன்னதாகச் சொன்னீர்கள். அப்படி ஒரு வழி உண்டு. ஆனால் அது உடல்நலம் போன்ற காரணங்களுக்கு, உரிய சான்றிதழோடு, ஓர் அளவுவரைதான். காய்ச்சல் என்று பொய்ச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க வேண்டாம். உழைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்தக் கறை வேண்டாம் அம்மா. மீன்பிடித் தடைக்காலத்தில் ஈடுகட்டிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். ஏப்ரல் 15-ஆம் தேதி தடை தொடங்கும்போது பெரும்பாலும் வகுப்புகள் முடிந்து தேர்வு வாசலுக்கு வந்திருக்கும்.

சனிக்கிழமை போகட்டும், ஞாயிறு காலை வந்துவிடுவான். புதனுக்கு மட்டும் வேறு ஆள் பாருங்கள். ஆளுக்குப் பங்கு கொடுத்தால் வீட்டுக்கு வருவது குறையும் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். எல்லைப் பக்கம் படகு பிடிபட்டால் அந்த செமஸ்டரே போய்விடும் என்பதையும் அவன் அப்பாவிடம் நினைவுபடுத்துங்கள்.

இனி செமினார். மற்ற வகுப்பைத் தவறவிட்டால் நண்பனின் நோட்டை வாங்கி எழுதிக்கொள்ளலாம். செமினாரில் ஒரு மாணவர் பேச, மற்றவர்கள் கேள்வி கேட்க, பேராசிரியர் திருத்துவார். அங்கே இல்லாதவனுக்கு எழுதிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. வந்தும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் பாதிதான் வந்ததாகக் கணக்கு. அக மதிப்பெண்ணிலும் அது தெரியும்.

உங்கள் மகனுக்குப் பேச விஷயம் இல்லாமல் இல்லை. நீங்கள் தண்ணீர் குடிக்க வெளியே போன நேரத்தில், விலங்கியலில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். நண்டு ஓடு கழற்றுவது என்றான். கடலில் பார்த்திருக்கிறாயா என்றதும் முகம் மாறிவிட்டது. புதிதாக ஓடு கழற்றிய நண்டை விரலால் அழுத்தினால் எப்படிக் குழியும், சதை இல்லாமல் தண்ணீராக இருப்பதால் வியாபாரி ஏன் விலையைக் குறைப்பார் என்று என் மேசை மேல் விரலை ஊன்றிக் காட்டினான். வலைக்கயிறு அறுத்த தழும்பு அந்த விரலில் இன்னும் ஆறவில்லை. இதை வகுப்பில் சொன்னாயா என்றேன். "அது புத்தகத்தில் இல்லையே" என்றான். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. புத்தகத்தில் இருப்பதும் அதே நண்டுதான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

மேடை பயம் என்று திட்டாதீர்கள். ஒவ்வொரு செமினாருக்கும் ஒரே ஒரு கேள்வியை முந்தின இரவே தாளில் எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடத்திற்குள் அதைக் கேட்டுவிட வேண்டும். நேரம் போகப் போகத் தயக்கம்தான் கூடும். தமிழில் கேட்கலாமா என்று பேராசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளட்டும். அவன் பேச வேண்டிய முறை வந்தால், முந்தின நாள் உங்கள் முன்னால் நின்று ஒரு முறை சொல்லிக் காட்டட்டும். நண்டைப் பற்றி அவன் தவறாகச் சொன்னால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

திங்கட்கிழமை நீங்களே துறைத்தலைவரைப் பாருங்கள். வீட்டு நிலையை மறைக்காமல் சொல்லுங்கள். இதுவரை எத்தனை நாள் விடுப்பு ஆகியிருக்கிறது, செமினாரில் அவன் முறை எந்தத் தேதி என்ற இரண்டையும் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தத் தேதியை வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு, அவன் அப்பா அந்த வாரத்துக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கப் போகும் முன்பே காட்டிவிடுங்கள்.