எந்த 'ஓல்டு'க்கு எதிர்ச்சொல் வேண்டும்?

கேள்வி: எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறேன். ஆங்கில எதிர்ச்சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தும் தப்பாகிறது. முன்னால் 'அன்', 'இன்' சேர்த்தாலும் சில நேரம் சரிவரவில்லை. 'புட் ஆஃப்' போன்ற தொடர்களுக்கு எப்படித் தேடுவது?

பதில்: பட்டியலைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். 'ஓல்டு' என்றதும் கை 'நியூ' என்று எழுதிவிடும். 'ஓல்டு ஷர்ட்' என்றால் சரி. 'ஓல்டு மேன்' என்றால்? 'யங்' அல்லவா வேண்டும்!

ஆங்கிலம் படிக்கும்போது தமிழில் யோசிக்காதே என்பார்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் தாராளமாக யோசியுங்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது தமிழில் பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்துவிடும். 'ஷார்ட்' என்பதை ஆளுக்குச் சொன்னால் குட்டை, எதிர்ச்சொல் 'டால்'. பயணத்துக்குச் சொன்னால் குறுகியது, எதிர்ச்சொல் 'லாங்'. 'லைட்' பெட்டிக்கு லேசு, அதற்கு 'ஹெவி'. நிறத்துக்கு வெளிர், அதற்கு 'டார்க்'. தேர்வில் வாக்கியம் கொடுத்திருந்தால் முதலில் அதைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்து முன்னொட்டு. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதுபோல் ஆங்கிலத்திலும் ஒரு புணர்ச்சி உண்டு. லத்தீனிலிருந்து வந்த 'இன்', அடுத்து வரும் ஒலிக்கேற்ப மாறும்: இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர். 'அன்' ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. எது வந்தாலும் மாறாது. அதனால்தான் அன்பாப்புலர், அன்லாஃபுல். சொல்லின் வகை மாறினால் முன்னொட்டும் மாறலாம், இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். 'ஸ்டேபிள்' என்பதற்கு 'அன்ஸ்டேபிள்'. 'ஸ்டெபிலிட்டி' என்பதற்கோ 'இன்ஸ்டெபிலிட்டி'. 'ஏபிள்' அன்னோடும் 'எபிலிட்டி' இன்னோடும் போகும். இவற்றை ஜோடி ஜோடியாகப் படியுங்கள்.

எதிர்ச்சொல் வேடம் போட்டு ஏமாற்றும் சொற்களும் உண்டு. பெட்ரோல் டேங்கர் லாரியில் எழுதியிருக்கும் 'இன்ஃபிளேமபிள்' எளிதில் தீப்பற்றும் என்றுதான் சொல்கிறது; 'ஃபிளேமபிள்' என்பதும் அதேதான். 'இன்வேல்யுவபிள்' மதிப்பில்லாதது ஆகாது, விலைமதிப்பற்றது. நம் தமிழ்ச் சொல்லிலும் அதே 'அற்ற' இருப்பதைக் கவனித்தீர்களா? மதிப்பில்லாததற்கு 'வொர்த்லெஸ்'.

சரி, தொடர்களுக்கு வருவோம். கடைசிச் சொல்லைத் திருப்பிப் போட்டால் போதும் என்று நினைப்பது பெரிய பொறி. சட்டையை 'புட் ஆன்' செய்தால் எதிர்ப்பதம் 'டேக் ஆஃப்'. 'புட் ஆன் வெயிட்' என்றால் 'லூஸ் வெயிட்'. 'டர்ன் டவுன்' டிவி சத்தத்துக்கு என்றால் 'டர்ன் அப்' சரி. வேலை வாய்ப்புக்கு என்றால் 'அக்செப்ட்'. ஆகவே தொடரை முதலில் ஒரே சொல்லாகச் சுருக்குங்கள், அப்புறம் எதிர்ப்பதம் தேடுங்கள். இணையத்தில் மெரியம்-வெப்ஸ்டர் தெசாரஸை (ஒத்தசொல், எதிர்ச்சொல் அகராதி) பார்த்தால் பொருள் வாரியாகப் பிரித்துத் தந்திருப்பார்கள். முதல் பொருளோடு நிறுத்தாமல் கீழே வரை பாருங்கள்.

நீங்கள் கேட்ட 'புட் ஆஃப்' சுருக்கினால் 'போஸ்ட்போன்', தள்ளிவைத்தல். எதிர்ப்பதம் 'பிரிங் ஃபார்வர்டு'. நம் ஊர் அலுவலகங்களில் புழங்கும் 'ப்ரீபோன்' இந்திய ஆங்கிலச் சொல், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. பேச்சில் தயங்காமல் பயன்படுத்துங்கள். தேர்வில் விடைகளுக்குள் அதே பொருள் தரும் 'அட்வான்ஸ்' இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.