வயர் எங்கன்னு தேடணும்

வாசகர் கேள்விகள்: வண்டிப் பக்கம்

போன இதழ்ல டேஷ்கேம் (முன் கண்ணாடியில ஒட்டி, ரோட்டை ரெக்கார்ட் பண்ற சின்ன கேமரா) பத்தி போகிற போக்குல ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு பெங்களூருலேர்ந்து மட்டும் இவ்ளோ கடுதாசி வரும்னு நினைக்கல. சில்க் போர்டுல தினம் ஒருத்தர் பம்பரை இன்னொருத்தர் முட்டி "நீதான் பிரேக் அடிச்சே"ன்னு நடுரோட்டுல நிக்கிற ஊர்ல இது ஆச்சரியமும் இல்ல. எல்லாரும் எந்த கேமரா வாங்கணும்னு கேட்பீங்கன்னு பார்த்தா, பாதிப் பேர் கேட்டிருக்கிறது வயரைப் பத்தி. அதனால இந்த தடவை முழுசா வயர்தான்.

அண்ணா, டேஷ்கேம் வாங்கி ஆறு மாசம் ஆச்சு. லைட்டர் சாக்கெட்ல சொருகியிருக்கேன், வயர் கண்ணாடி நடுவுலேர்ந்து தொங்கி கியர் லீவர் மேல வந்து விழுது. ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏத்தின மாதிரி இருக்குன்னு வீட்ல கிண்டல் பண்றாங்க. நானே மறைச்சுக்க முடியுமா?
— மாரத்தஹள்ளி வாசகர்

தாராளமா முடியும் தம்பி, ஞாயித்துக்கிழமை காலையில ஒரு ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க, அவ்ளோதான். முதல்ல கேமரா எங்க இருக்குன்னு பாருங்க. நம்ம வண்டியில டிரைவர் வலது பக்கம், அதனால உள் கண்ணாடிக்கு (அந்த ரியர் வியூ மிரர்) பின்னாடி கொஞ்சம் இடது பக்கமா ஒட்டினா உங்க கண்ணுக்கு கேமராவே தெரியாது. வைப்பர் துடைக்கிற இடத்துக்குள்ள லென்ஸ் வரணும், இல்லாட்டி மழைக்காலத்துல வெறும் தண்ணிதான் ரெக்கார்ட் ஆகும். வண்டியிலேயே லேன் பார்க்கிற கேமராவோ மழை சென்சாரோ இருந்தா அதுக்கு குறுக்கே ஒட்டாதீங்க.

வயர் போற பாதை இப்படி: கேமராவிலேர்ந்து நேரா மேல, முன் கண்ணாடியும் ரூஃப் லைனிங்கும் சேர்ற இடுக்குக்குள்ள. விரலாலயே அமுக்கினா உள்ள போயிரும், போகலன்னா காலாவதியான ஏடிஎம் கார்டு ஒண்ணு எடுத்து தள்ளுங்க. ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், லைனிங் துணியில ஒரு தடவை பள்ளம் விழுந்தா அது போகவே போகாது. அப்படியே இடது ஓரம் வரைக்கும் கொண்டு போங்க, அங்கேர்ந்து கீழ இறங்கணும், இங்கதான் நிறையப் பேர் தப்பு பண்றாங்க.

கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவுல இருக்கிற தூண், ஏ பில்லர்னு சொல்றோமே, அதோட பிளாஸ்டிக் மூடி மேல ஏர்பேக்னோ எஸ்ஆர்எஸ்னோ எழுதியிருக்கான்னு பாருங்க. எழுதியிருந்தா உள்ள கர்ட்டன் ஏர்பேக் மடிச்சு இருக்கு. அதுக்கு முன்னாடி குறுக்கே வயரை விட்டீங்கன்னா விபத்து நேரத்துல பை விரியறப்ப வயர் சிக்கும், இல்ல வயரே சாட்டை மாதிரி முகத்துக்கு வரும். மூடியைக் கழட்டி பைக்குப் பின்னாடி, உலோகத்தை ஒட்டினாப்ல விட்டு, பில்லர்ல ஏற்கனவே ஓடுற கம்பெனி வயரோட சேர்த்துக் கட்டணும். ஆனா அந்த மூடியோட கிளிப் சில வண்டியில ஒரு தடவை கழட்டினா புதுசு போட்டே ஆகணும், பழசை அமுக்கி வச்சா சரியா நிக்காது. இதெல்லாம் தைரியம் இல்லன்னா மூடியைத் தொடவே தொடாதீங்க. கதவைத் திறந்தா சுத்தி ஒரு கறுப்பு ரப்பர் பீடிங் இருக்கு பாருங்க, அதை லேசா இழுத்து, அதுக்குள்ள வயரை வச்சு மறுபடி அமுக்கிட்டா போதும். நானே என் வண்டியில அப்படித்தான் வச்சிருக்கேன், இத்தனை வருஷம் இதைப் பத்தி எழுதுறேன்னு வெக்கப்படல.

கீழ வந்தா கிளவ் பாக்ஸ். அதுக்குப் பின்னாடி விட்டு, நடு கன்சோல் ஓரமா கார்பெட்டுக்கு அடியில சாக்கெட் வரைக்கும். மிச்ச வயர் நிச்சயம் ஒரு மீட்டருக்கு மேல இருக்கும், அதை உருண்டையா சுத்தாம நீளவாக்குல மடிச்சு துணி டேப் சுத்தி வைங்க. கறுப்பு இன்சுலேஷன் டேப் வேண்டவே வேண்டாம், வெயில்ல நிறுத்தின வண்டிக்குள்ள அதோட பசை உருகி கையெல்லாம் ஒட்டும். துணி டேப் சுத்தாம சும்மா போட்டா என்ன ஆகும்னா, நம்ம ஊர் ஹம்பு ஒவ்வொண்ணுலயும் டேஷ்போர்டுக்குள்ள கடகடன்னு சத்தம் வரும், நீங்க சஸ்பென்ஷன் போச்சுன்னு மெக்கானிக்கிட்ட போய் நிப்பீங்க.

சார், ஃப்யூஸ் பாக்ஸ்லேர்ந்து கரண்ட் எடுக்கிற கிட் வாங்கினேன், அதுல மூணு வயர் இருக்கு. ஜே.சி. ரோட்டுல ஒரு கடையில கேட்டா, இதெல்லாம் எதுக்கு, ஸ்டீரியோ வயரை வெட்டி ஜாயின்ட் போட்டுடலாம்னு சொல்றாங்க. செய்யலாமா?
— வில்சன் கார்டன் வாசகர்

வெட்ட விடாதீங்க. எனக்கும் இதே ரோட்டுல இதே பேச்சு நடந்திருக்கு, "ஏனூ ஆகல்ல சார்" (ஒண்ணும் ஆகாது)னு சிரிச்சுக்கிட்டே கட்டரை எடுத்தார் ஒருத்தர். எட்டு மாசம் கழிச்சு மழையில ஸ்டீரியோ தானா ஆன் ஆகி ஆஃப் ஆச்சு, பிரிச்சுப் பார்த்தா ஜாயின்ட் பச்சைப் பாசி பிடிச்சு கிடக்கு. அது மட்டும் இல்ல, வெட்டின வயரை சர்வீஸ் சென்டர்ல பார்த்தாங்கன்னா எலக்ட்ரிகல்ல எந்தப் பிரச்சனை வந்தாலும் வாரன்டி பேச்சை எடுக்கவே விட மாட்டாங்க.

மூணு வயர் கதை இதுதான். கறுப்பு எர்த், பாடியில இறங்கியிருக்கிற ஏதாவது ஒரு இரும்பு போல்ட்ல, பெயின்ட் இல்லாத இடத்துல. சிவப்பு பொதுவா ஏசிசி, அதாவது சாவி திருப்பினாதான் கரண்ட் வரணும். மஞ்சள் எப்பவும் கரண்ட் இருக்கிற லைன், வண்டி நிக்கிறப்ப ரெக்கார்ட் பண்றதுக்கு. (கிட்டுக்கு கிட் கலர் மாறலாம், வயர்லயே பி பிளஸ், ஏசிசினு எழுதியிருக்கும், அதை நம்புங்க; பி பிளஸ்னா எப்பவும் கரண்ட் இருக்கிற லைன்.) சிவப்புக்கு சாக்கெட்டோட ஃப்யூஸ், மஞ்சளுக்கு ரூம் லைட் ஃப்யூஸ்னு எடுத்துக்கலாம், ஆனா சில வண்டியில சாக்கெட்டே சாவி இல்லாமலும் உயிரோட இருக்கும், அதனால டெஸ்ட் லேம்ப்போ மல்டிமீட்டரோ வச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. எஸ்.பி. ரோட்டுல மல்டிமீட்டர் சல்லிசா கிடைக்கும். ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் ஃப்யூஸ் பக்கம் மட்டும் கை வைக்காதீங்க.

ஃப்யூஸ் ஸ்லாட்டுலேர்ந்து கிளை எடுக்க ஒரு சின்ன சாமான் இருக்கு, ஃப்யூஸ் டேப். கடையில அப்படிக் கேட்டா ஒட்டுற டேப்பை எடுத்து நீட்டுவாங்க, "ஆட் எ சர்க்யூட்"னு கேளுங்க. உங்க பழைய ஃப்யூஸைக் கழட்டி கையில எடுத்துட்டுப் போங்க, மினி, லோ புரொஃபைல் மினி, மைக்ரோ 2ன்னு சைஸ் வேற வேற, கண்ணால பார்த்து குத்துமதிப்பா வாங்கினா ரெண்டாவது தடவை டிராஃபிக்ல போகணும். பழைய ஃப்யூஸ் கீழ் ஸ்லாட்ல, கேமராவுக்கு 2 ஆம்பியரோ 3 ஆம்பியரோ மேல் ஸ்லாட்ல. அதை எந்தப் பக்கமா சொருகணும்னு குழப்பம் வரும். பழைய ஃப்யூஸ் போடாம, கேமரா ஃப்யூஸ் மட்டும் போட்டு சொருகிப் பாருங்க. கேமரா ஆன் ஆச்சுன்னா சரியான பக்கம். ஆகலன்னா திருப்பிச் சொருகுங்க. திருப்பாமலேயே பழைய ஃப்யூஸைப் போட்டாலும் வேலை செய்யும்தான், ஆனா கேமரா இழுக்கிற கரண்டும் சேர்ந்து அந்தப் பழைய ஃப்யூஸ் வழியா போகும், அது நமக்கு வேண்டாம்.

பல வண்டியில ஃப்யூஸ் பாக்ஸ் டிரைவர் முழங்காலுக்கு மேல இருக்கும், அப்போ வயரை வலது பக்கமா இறக்குங்க. கிட்டோட அந்த சின்ன டப்பாவை பெடல் கிட்டயும் ஸ்டீரிங் ராடு கிட்டயும் தொங்க விடாம டை போட்டு இறுக்குங்க, பிரேக் அடியில ஏதாவது வந்து விழறது விளையாட்டு இல்ல.

வெள்ளிக்கிழமை நிறுத்தினா அடுத்த வெள்ளிக்கிழமைதான் வண்டியை எடுப்பேன், மத்த நாள் மெட்ரோ. போன வாரம் ஓசூர் போகலாம்னு சாவி திருப்பினா டிக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். பேட்டரி 35 ஏஹெச் (ஆம்பியர் ஹவர்). டேஷ்கேம்தான் காரணமா?
— எலக்ட்ரானிக் சிட்டி வாசகி

சந்தேகமே இல்லம்மா, கணக்கு போட்டுப் பாருங்க. நிக்கிறப்ப கேமரா 0.3 ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சுக்கோங்க, 24 மணி நேரத்தால பெருக்கினா ஒரு நாளைக்கு 7.2 ஏஹெச், அஞ்சு நாள்ல 36. உங்க பேட்டரியே 35. கிட்ல கட் ஆஃப் வோல்டேஜ்னு ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், பேட்டரி எத்தனை வோல்ட்டுக்கு இறங்கினா கேமராவை நிறுத்தணும்னு அதுலதான் வைக்கணும், மாட்டினவங்க அதை 11.6ல விட்டிருப்பாங்க, பெரும்பாலும் அப்படித்தான் விடுறாங்க. ஓய்வுல இருக்கிற நல்ல பேட்டரி 12.6 காட்டும், 12.2 வந்தாலே ஏறக்குறைய பாதி காலி, 11.6ன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். ஸ்விட்சை 12.2லயோ 12.4லயோ வைங்க, வாரத்துக்கு ஒரு தடவை எடுக்கிற வண்டிக்கு மஞ்சள் வயரையே கழட்டிடுறது இன்னும் நல்லது. வாட்ச்மேன் இருக்கிற அபார்ட்மென்ட்ல நடு ராத்திரி பூனை போறதை ரெக்கார்ட் பண்ணி என்ன செய்யப் போறீங்க. சிவப்பும் மஞ்சளும் ஒரே லைன்ல மாட்டியிருக்காங்களான்னும் பாருங்க, அப்படி மாட்டினா வண்டி ஓடுறதாவே நினைச்சுக்கிட்டு கேமரா முழு நேரமும் விழிச்சிருக்கும்.

டேஷ்கேம் போட்டதுலேர்ந்து எஃப்எம் கரகரங்குது.
— கே.ஆர்.புரம் வாசகர்

12 வோல்ட்டை 5 ஆக்குற அந்த அடாப்டர் பண்ற வேலை. ஆன்டெனா வயர் போற பக்கத்துலேர்ந்து அதைத் தள்ளி வைங்க, வயர் மேல ஒரு ஃபெரைட் வளையம் (இந்த இரைச்சலை அடக்குற கறுப்பு வளையம்) மாட்டுங்க. அப்பவும் போகலன்னா அடாப்டரே மட்டம், மாத்துங்க.

ஹேட்ச்பேக் வண்டி. பின்னாடி கண்ணாடிக்கும் ஒரு கேமரா வந்திருக்கு. டிக்கிக் கதவுக்கு வயரை எப்படிக் கொண்டு போறது?
— அல்சூர் வாசகர்

நம்ம ஏரியாக்காரர்! ரூஃப் ஓரமா, கதவு பீடிங்குக்குள்ளேயே பின்னாடி வரைக்கும் வந்துருங்க, அதுலயும் மேல ஓரத்துல ஏர்பேக் இருக்கும், முன்னாடி சொன்ன அதே எச்சரிக்கை. கடைசியில பாடிக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவுல மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் குழாய் இருக்கு, கம்பெனி வயரெல்லாம் அதுக்குள்ளதான் போகுது, நீங்களும் அதுக்குள்ளதான் விடணும். அரை மணி நேரம் பொறுமையைச் சோதிக்கும், கொஞ்சம் சோப்புத் தண்ணி தடவினா வழுக்கிக்கிட்டுப் போகும். கதவை முழுசா தூக்கிப் பார்த்து வயர் இழுபடலன்னு உறுதி பண்ணிட்டு மூடியைப் போடுங்க. குழாய்க்கு வெளியே விட்டா கதவு மூடுற ஒவ்வொரு தடவையும் வயர் நசுங்கும், மழைத் தண்ணியும் உள்ள வரும். டிஃபாகர் கோடு (கண்ணாடியைச் சூடாக்கி பனியைப் போக்குற மெல்லிசு கோடுங்க) இருந்தா அது மேல கேமராவை ஒட்டாதீங்க, பின்னாடி பிரிக்கிறப்ப கோடும் சேர்ந்து வந்துரும்.

முட்டினவர் தப்பு பதிவாகியிருக்கு. கார்டை போலீஸ்ல கொடுத்தா செல்லுமா?
— ஜெயநகர் வாசகர்

கோர்ட்டு வரைக்கும் போனா, 2024 ஜூலை 1லேர்ந்து அமல்ல இருக்கிற பாரதிய சாட்சிய சட்டத்துல 63வது பிரிவு, பழைய 65பி மாதிரி, மின்னணுப் பதிவோட நகலைக் கொடுக்கிறப்ப ஒரு சான்றிதழும் சேர்த்துக் கேட்குது. வக்கீல் பார்த்துப்பார். நீங்க செய்ய வேண்டியது, கார்டை உடனே உருவி தனியா வைக்கிறது. 64 ஜிபி கார்டுன்னா சாதாரண எச்டியில சுமார் எட்டு மணி நேரம்தான் தாங்கும், அப்புறம் பழசு மேலயே புதுசு எழுதிக்கும். வெட்டி ஒட்டி வாட்ஸ்அப்ல அனுப்பினதை மட்டும் வச்சுக்கிட்டு ஒரிஜினலை அழிச்சுட்டு வந்து நிக்காதீங்க, போன மாசம் எனக்குத் தெரிஞ்சவர் அப்படித்தான் நின்னார்.

ஏப்ரல் வந்தா போதும், கேமரா பொத்துன்னு மடியில விழுது.
— பானஸ்வாடி வாசகி

கண்ணாடி ஓரத்துல கறுப்புப் புள்ளி புள்ளியா இருக்கிற இடத்துல ஒட்டியிருக்கீங்களா? அங்க பிடிப்பு கம்மி. கொஞ்சம் கீழ தள்ளி, ஸ்பிரிட்ல துடைச்சு, புது டபுள் சைட் ஸ்டிக்கர் போட்டு ஒரு நாள் விட்டு அப்புறம் கேமராவை மாட்டுங்க. கேமரா வயிறு உப்பின மாதிரி தெரிஞ்சா ஸ்டிக்கர் பிரச்சனை இல்ல, உள்ள இருக்கிற லித்தியம் பேட்டரி வெயில்ல வீங்கியிருக்கு, அன்னிக்கே கழட்டிருங்க. அடுத்த தடவை லித்தியம் பேட்டரிக்குப் பதிலா சூப்பர் கெபாசிட்டர்னு போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்க.