பொத்தான் போட்டுவிடுகிற கை

கேள்வி: வணக்கம் அக்கா. கோபி பக்கம் கிராமம். வயது 36. பதினாலு வருஷமாக மரம் வெட்டுகிற தொழில். ஐந்து வருஷமாக மரம் அறுக்கிற சங்கிலி மிஷினில் (செயின்சா) பலகை அறுக்கிற சட்டம் மாட்டி, தோட்டத்துக்கே போய்ப் பலகை அறுத்தும் கொடுக்கிறேன். நிறையப் பேர் கூப்பிடுகிறார்கள். பெரிய மிஷினும், சங்கிலி ஓடுகிற 36 இஞ்ச் பாரும் வாங்க ஒன்றரை லட்சம் வேண்டும். மனைவியின் நகையை அடகு வைக்கக் கேட்டால் தரவே மாட்டேன் என்கிறாள். மற்றபடி அவளைக் குறை சொல்ல முடியாது. காலையில் சட்டைப் பொத்தான்கூட அவள்தான் போட்டுவிடுவாள். இந்த ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்:

தம்பி, நகை அடகு பற்றி எனக்கு மாதாமாதம் கடிதம் வருகிறது. போர் போட, தறி வாங்க, மாடு வாங்க என்று காரணம்தான் மாறும். உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் படிக்க ஆரம்பித்தேன். பொத்தான் என்கிற இடத்தில் நின்றுவிட்டேன்.

36 வயது ஆம்பிளைக்குப் பெண்டாட்டி எதற்காகத் தினமும் பொத்தான் போட வேண்டும்? கல்யாணமான புதிதில் என்றால் ஆசை என்று விட்டுவிடலாம். நீங்கள் பாசத்துக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. உங்களால் போட முடியவில்லை, அதனால் அவள் போடுகிறாள். அதுதானே விஷயம்?

மார்கழிக் காலையில் வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது விரல் நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுக்கிறதா? ராத்திரி கை மரத்துப்போய் உதறிக்கொண்டு எழுந்திருக்கிறீர்களா? சட்டைப் பையில் இருப்பது ஒரு ரூபாயா இரண்டு ரூபாயா என்று தடவிப் பார்த்தால் தெரிகிறதா? ஆமாம் என்றால், அது மிஷின் அதிர்வு செய்கிற வேலை. வருஷக்கணக்கில் அதிர்வு ஏறினால் விரலில் இருக்கிற சின்ன ரத்தக் குழாயும் நரம்பும் கெட்டுப்போகும். மரம் அறுக்கிற மிஷின் பிடித்தவர்களுக்கு இது வரும் என்று 1960களிலேயே வெளிநாடுகளில் கண்டுபிடித்தாகிவிட்டது. ஜப்பானில் 1970 வாக்கிலேயே, ஒரு ஆள் ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் அந்த மிஷினைப் பிடிக்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். நீங்கள் எத்தனை மணி நேரம் பிடிக்கிறீர்கள்?

இதை நான் கேள்விப்பட்டு மட்டும் எழுதவில்லை. எங்கள் தோட்டத்துச் சாளைக்குப் பக்கத்தில் நின்ற வாகையைச் சாய்க்க ஒருத்தர் வந்திருந்தார். உச்சி வெயில். அடுப்பிலிருந்து இறக்கின டீயைக் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தேன். நான் முந்தானையால் பிடித்த கிளாஸை அவர் வெறும் இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்தார். "சுடலீங்களா?" என்றேன். "சூடெல்லாம் தெரியறதில்லீங்க" என்று சிரித்தார். கூலியை எண்ணி வாங்க முடியவில்லை, தாள் ஒட்டிக்கொள்கிறது என்று கூட வந்த பையனை எண்ணச் சொன்னார். அவருக்கும் உங்களை மாதிரி நாற்பதுக்குள்தான் இருக்கும்.

மரம் வெட்டும்போதாவது மிஷினை நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டுகிறோம். கிளை கழிக்கிறோம், கயிறு கட்டுகிறோம், மரம் எந்தப் பக்கம் சாயும் என்று பார்க்கிறோம். கைக்கு அதில் ஓய்வு கிடைக்கிறது. பலகை அறுப்பது அப்படியில்லை. அகலமான வாகைக் கட்டையில் சட்டத்தை வைத்துத் தள்ள ஆரம்பித்தால், மறு முனை வந்து சேரும்வரை முழு வேகத்தில் ஓட விட்டு இறுக்கிப் பிடித்தே ஆக வேண்டும். ஐந்து வருஷமாக இதைச் செய்கிறீர்கள். எந்த வருஷத்திலிருந்து அவள் பொத்தான் போடுகிறாள் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது சொல்லுங்கள், அவள் செய்வது பிடிவாதமா? உங்கள் விரல் நிலைமை உங்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தினமும் காலையில் உங்கள் நெஞ்சுக்கு நேராக நின்று அதைத்தானே பார்க்கிறாள்? அதே கையைக் கெடுக்க இன்னொரு மிஷின் வாங்க, அவள் அம்மா வீட்டில் போட்ட நகையைக் கேட்கிறீர்கள். மாட்டேன் என்றாள். நான் அவள் இடத்தில் இருந்தாலும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். பொண்டாட்டி நகை அவள் சொத்து. குடும்பத்தில் சாவு, சீக்கு, பிள்ளை படிப்பு என்று வந்தால் அவளாகவே கழற்றிக் கொடுப்பாள். அவள் வாயால் சொல்லாதவரை அதைத் தொழில் முதலாகக் கணக்குப் போட உங்களுக்கு உரிமை கிடையாது. சம்பாதித்துப் போடுவது மட்டும் குடும்பத்தலைவன் கடமை என்று நினைக்காதீர்கள். கை மரத்துப்போனதை வீட்டில் மறைக்காமல் சொல்வதும் கடமைதான். அதில் நீங்கள் தவறிவிட்டீர்கள்.

மிஷின் இப்போது வேண்டாம். முதலில் டாக்டர். பெருந்துறை அரசு மருத்துவமனைக்கோ கோயம்புத்தூருக்கோ போய் நரம்பைச் சோதித்துப் பாருங்கள். சர்க்கரையாலும் விரல் மரத்துப்போகும், அதையும் பார்த்துவிடுங்கள். என்ன தொழில், தினம் எத்தனை மணி நேரம் மிஷின் பிடிக்கிறேன் என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், அவராகக் கேட்பார் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். விரல் வெளுக்கிற கட்டத்திலேயே அதிர்வைக் குறைத்தால் மேலே போகாமல் நிற்க வழியுண்டு. நரம்பு ரொம்பக் கெட்டுவிட்டால் பழையபடி திரும்புவது கஷ்டம். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது ரத்தக் குழாயை இன்னும் சுருக்கும்.

தொழிலை விடச் சொல்லவில்லை. டிராக்டரில் ஏற்ற முடிகிற கட்டையை எல்லாம் பேண்ட் சா (பட்டை ரம்பம்) இருக்கிற மர மில்லுக்கு அனுப்புங்கள். சங்கிலி போகிற தடத்தில் 9, 10 மில்லி மரம் தூளாகிறது. பேண்ட் சாவில் 2, 3 மில்லிதான். ஒரு இஞ்ச் பலகையாக அறுக்கும்போது, மூன்று தடவை சங்கிலி ஓடினால் கிட்டத்தட்ட ஒரு பலகை தூளாகவே போய்விடுகிறது. தோட்டக்காரரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் அவரே வண்டி வாடகை கொடுப்பார். எந்தக் கட்டையில் எத்தனை பலகை தேறும், வைரம் பாய்ந்த இடம் எங்கே, விரிசல் எங்கே ஓடுகிறது என்று பார்த்துச் சொல்ல உங்களுக்குத் தெரியும். அந்தக் கண்ணுக்குக் கூலி கேளுங்கள்.

வண்டி போகாத ஓடைக்கரையில் கிடக்கிற கட்டைக்கு மட்டும் உங்கள் சட்டம் போதும். அதற்கும் பலகை அறுக்கவென்றே பல்லை 10 டிகிரியில் தீட்டின சங்கிலியை மாட்டுங்கள். ஒவ்வொரு தடவை பெட்ரோல் ஊற்றும்போதும் பல்லைத் தீட்டுங்கள். மழுங்கின சங்கிலி கையைப் போட்டு உலுக்கும். கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர், ஸ்பிரிங் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், ஒன்றரை லட்சமெல்லாம் ஆகாது. ஒரு பலகை முடிந்ததும் மிஷினை இறக்கி வைத்துக் கையைச் சூடாக்கிக்கொண்டு அடுத்ததைத் தொடுங்கள். சட்டத்தின் மறு முனையைப் பிடிக்கிற ஆளுக்கும் கை இருக்கிறது, அவரிடமும் விரல் மரக்கிறதா என்று கேளுங்கள்.

டாக்டரிடம் அம்மிணியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பொத்தான் எத்தனை மாசமாகப் போட்டுவிடுகிறாள், முதலில் எந்தக் கை, எந்த விரல் மடங்காமல் போனது என்று டாக்டர் கேட்டால், அவள்தான் சரியாகச் சொல்வாள்.