சமத்துவமும் நிலமும்: அட்டப்பாடியை முன்வைத்துச் சில கேள்வி பதில்

கேள்வி (பாலக்காடு சித்தூர், எம்.ஏ. மாணவி): ஐயா, இனவெறி எதிர்ப்பும் காலனிய நீக்கமும் ஒண்ணுதானே? ஆய்வேட்டுல ஒரே அத்தியாயத்துல முடிச்சிடலாமா?

ஒன்றல்ல. முன்னது "எங்களைச் சமமாக நடத்து" என்கிறது. பின்னது "எங்கள் நிலத்தையும் அதன் மீதான அதிகாரத்தையும் திருப்பிக் கொடு" என்கிறது. முதல் கோரிக்கை முழுசாக நிறைவேறிய பிறகும் இரண்டாவது தொடப்படாமலே கிடக்கலாம். 2005-ல் கனடா ஆய்வாளர்கள் போனிட்டா லாரன்ஸ், ஏனாக்ஷி துவா இருவரும் இனவெறி எதிர்ப்பு ஆய்வுகள் மீது வைத்த குற்றச்சாட்டு இதுதான்.

வரலாற்றாசிரியர் பேட்ரிக் வுல்ஃப் காட்டும் அமெரிக்கக் கணக்கைப் பாருங்கள். ஒரு துளி ரத்தம் இருந்தாலே கறுப்பர். அடிமைகள் பெருகினால் எஜமானுக்கு லாபம். பூர்வகுடிகளுக்கோ நேர் எதிர்: கலப்பு கூடக் கூட அந்த அடையாளமே செல்லாது, ஏனெனில் ஆள் குறைந்தால்தான் நிலம் காலியாகும். இனவெறி ஒன்றேதான், உழைப்பு தேவைப்பட்ட இடத்தில் ஒரு கணக்கு, மண் தேவைப்பட்ட இடத்தில் வேறு கணக்கு.

ஆகவே, ஒவ்வொரு சம்பவத்திடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். 2018 பிப்ரவரியில், பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடிப் பள்ளத்தாக்கில் உள்ள முக்காலியில், திருட்டுப் பட்டம் கட்டி மது என்ற ஆதிவாசி இளைஞரை ஒரு கூட்டம் அடித்துக் கொன்றது. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. ஒரு மனிதனை மனிதனாக மதிக்காதது யார் என்ற கேள்விக்கு அங்கே விடை இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் சொந்தக்காரர்கள் அதே மண்ணில் அரிசி திருடியதாகச் சந்தேகிக்கப்படும் நிலைக்கு எப்படி வந்தார்கள்? அது கோர்ட்டின் வேலையல்ல; உங்கள் ஆய்வின் வேலை.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): அண்ணா, தமிழ் பேசுற நாங்களே கேரளாவுல மொழிச் சிறுபான்மை. எங்களையும் வந்தேறின்னா எப்படி?

தலைமுறை தலைமுறையாகச் சமவெளியில் உழுதவர்களை யாரும் அப்படிச் சொல்லவில்லை. அட்டப்பாடி வேறு. 1951-ல் அங்கே பத்தில் ஒன்பது பேர் இருளர், முடுகர், குறும்பர். இன்று பாதிகூட இல்லை. கோவைப் பக்கத்திலிருந்து தமிழர்களும், கேரளத்தின் மற்ற பகுதிகளிலிருந்து மலையாளிகளும் அங்கே போய் நிலம் பிடித்தார்கள். மொழியால் ஒதுக்கப்படுகிறவர் கையிலேயே ஆதிவாசி நிலமும் இருக்கலாம். ஒன்று மற்றொன்றை ரத்து செய்யாது.

ஆனால் எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். லாரன்ஸ், துவாவுக்கு நந்திதா சர்மாவும் சிந்தியா ரைட்டும் எழுதிய மறுப்பு இங்கே உதவும்: இடம்பெயர்ந்தவர் எல்லாரும் காலனியவாதி ஆகிவிட மாட்டார். கூலிக்கு வந்தவர், விலைக்கு வாங்கியவர், கடனுக்கு ஈடாக எழுதி வாங்கியவர் என்று மூன்று பட்டியலாகப் பிரித்தாலே பாதிச் சண்டை தீரும்.

கேள்வி (அகளி): ஒரு நிலம் ஆதிவாசிகிட்ட இருந்து கைமாறினதான்னு எப்படிப் பார்க்கிறது?

வில்லேஜ் ஆபீசில் சர்வே எண், தண்டப்பேர் (நில உரிமையாளரின் வரிக் கணக்கு எண்) பாருங்கள். சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் 1960 முதல் வில்லங்கச் சான்றும் முன்னாதார (முந்தைய பத்திர) நகலும் கேளுங்கள். ஏன் 1960? ஆதிவாசி நிலக் கைமாற்றத்தைத் தடுத்து, இழந்ததை மீட்டுத்தர வந்த 1975 கேரளச் சட்டப்படி 1960 ஜனவரி 1-க்குப் பின் நடந்த கைமாற்றங்கள்தான் செல்லாதவை. அதற்கான விதிகளோ 1986-ல்தான் வந்தன. இழுத்தடிப்பு என்றால் இதுதான். அதற்குப் பதிலாக வந்த 1999 சட்டம் 1986 ஜனவரி 24 வரையிலான கைமாற்றங்களில் இரண்டு ஹெக்டேர் வரை விவசாய நிலத்தை வாங்கியவரே வைத்துக்கொள்ள விட்டது. இழந்தவருக்கு வேறெங்காவது நிலம். 2009-ல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றது. சமத்துவக் கண்ணுக்கு இது ஈடு. நிலம் என்பது குலதெய்வமும் மயானமும் சேர்ந்த இடம் என்பவருக்கு இது ஈடே அல்ல.

பலர் சறுக்குவது ஒரு இடத்தில்: பத்திரம் இல்லாத வாய்மொழிக் குத்தகை வில்லங்கத்தில் வராது. பழைய கரம் (நில வரி) ரசீதையும் ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

கேள்வி: இந்தியா ஐ.நா. பூர்வகுடிப் பிரகடனத்தை ஏத்துக்கிச்சே, அதை வச்சு வழக்குப் போடலாமா?

2007-ல் ஆதரித்து வாக்களித்தது, இந்தியர் எல்லாருமே பூர்வகுடிகள் என்ற விளக்கத்தோடு. பூர்வகுடிகள் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) 169-வது உடன்படிக்கையில் சேரவில்லை. வழக்குக்கு 2006 வன உரிமைச் சட்டத்தையும் மாநிலச் சட்டத்தையும் நம்புங்கள்.

கேள்வி (ஆனைகட்டி, ஆசிரியை): பள்ளியில ஒருநாள் கலந்துரையாடல் வைக்கிறோம். எப்படி அமைக்கலாம்?

தொழிலுறுதி (அரசின் ஊரக வேலை உறுதித் திட்டம்) வேலை நடக்கும் நாளில் வைக்காதீர்கள். கூலி போகும் என்றால் பெண்கள் வரமாட்டார்கள். ஆதிவாசி ஊருக்குள் போவதானால் முதலில் அகளி ஐ.டி.டி.பி. (ஒருங்கிணைந்த பழங்குடி மேம்பாட்டுத் திட்டம்) அலுவலகத்தில் அனுமதி, பிறகு ஊர்த் தலைவரான ஊருமூப்பன். அவரோடு நிறுத்தாமல் ஊரின் மற்றப் பொறுப்பாளர்களான வண்டாரி, குறுதலை, மண்ணுக்காரனையும் பாருங்கள். ஊருக்கூட்டத்தில் (ஊர்ச் சபையில்) பேசி முடிவான பிறகே தேதி போடுங்கள்.

காலையில் மதிப்பு பற்றிய அமர்வு: பள்ளியில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் நடப்பது. மதியம் நிலம், வரைபடத்தை விரித்து வைத்து. மதியத்தை இரண்டு மணி நேரத்துக்குக் குறைக்காதீர்கள். இல்லாவிட்டால் காலைப் பேச்சே முழு நாளையும் விழுங்கிவிடும். தொடக்கத்தில் ஒரு நடனம், முடிவில் பொன்னாடை என்ற ஏற்பாட்டை விட்டுவிடுங்கள். வருகிற பேச்சாளருக்கு மற்றவர்களுக்குத் தரும் அதே தொகையைக் கொடுங்கள். ஒலிப்பதிவின் ஒரு பிரதி ஊருக்கூட்டத்திடம் இருக்கட்டும். அவர்கள் வேண்டாம் என்ற பகுதியை அழித்துவிடுங்கள்.