சிறு நகர நூதனசாலையில் பார்க்க என்ன இருக்கிறது? அங்கே நிகழ்ச்சிகள் எதற்கு?

நூதனசாலை என்பது ஓர் ஊர் வாழ்ந்த விதத்தைப் பொருட்களாகக் காத்து வைக்கும் இடம். மட்டக்களப்பு மாவட்டத்தில் காத்தான்குடிப் பூர்வீக நூதனசாலை இதற்கு நல்ல உதாரணம். முஸ்லிம் மக்களின் பழைய வாழ்க்கையை அங்கே ஆளுயர உருவங்களாகவே பார்க்கலாம். குழந்தைகளைக் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள்.

நிகழ்ச்சிகளுக்குக் காரணம், பொருள் தானாகப் பேசாது என்பதுதான். மட்டக்களப்புக் கூத்தின் இரு பாணிகளில் ஒன்றான வடமோடியில் அணியும் கரப்புடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குள் அது விரிந்து நிற்கும் வெறும் பாவாடை. அதைக் கட்டிக்கொண்டு, தலையில் கிரீடத்தின் பாரத்தோடு, வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தில் மத்தள அடிக்கு ஒருவர் சுழலும்போதுதான் அதன் அழகும் தெரியும், ஆடுபவரின் மூச்சு வாங்கலும் கேட்கும். மற்றப் பாணியான தென்மோடியில் உடுப்பு இலேசானது. அதனால் கால்கள் நுணுக்கமாக விளையாடுகின்றன. இரண்டையும் அடுத்தடுத்து ஆடிக்காட்டினால் எந்த விளக்கப் பலகையும் தேவைப்படாது. சமையல் குறிப்பை வாசிப்பதற்கும் அம்மம்மாவின் பக்கத்தில் நின்று கறி வைக்கப் பழகுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

நூதனசாலை என்றால் அரசர்களின் வாளும் பொன்னும் என்று பலர் நினைக்கிறார்கள்; கைபட்டு நடுவில் தேய்ந்துபோன உலக்கையும் அங்கே வைக்கத் தகுந்த பொருளே.