வலிக்கு ஒட்டும் பேட்ச் தோலைப் புண்ணாக்குகிறது, நிறுத்திவிடலாமா?

கேட்டவர் வேலூர்க்காரர். முதுகு வலிக்காக அப்பாவுக்கு புப்ரெனார்ஃபின் என்ற வீரியமான வலி மருந்து உள்ள, வாரம் ஒன்று மாற்றும் பேட்ச் ஒட்டுகிறார்கள். எடுத்த இடம் கட்டம் கட்டியதுபோல் சிவந்து அரிக்கிறதாம், வியர்வையில் ஓரமும் பிரிகிறதாம். பேசாமல் நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார்.

மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். அதற்காக அப்பா அரிப்பைப் பொறுத்துக்கொண்டு கிடக்கவும் வேண்டாம். காட்பாடியில் என் அம்மாவுக்கு இதே பேட்ச்தான் ஒட்டி வருகிறோம். "எரியுது, எடுத்துடுடி" என்று அவர் கேட்கும்போதெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். இப்போது அந்தப் பேச்சு வெகுவாகக் குறைந்துவிட்டது.

பேட்சை எடுத்ததும் சிவப்பு எதுவரை இருக்கிறது என்று பாருங்கள். பேட்ச் இருந்த அளவோடு நின்று, ஓரிரு நாளில் தணிந்தால் அது பெரும்பாலும் பசையும் வியர்வையும் சேர்ந்து செய்த வேலை. சிவப்பு ஓரத்தைத் தாண்டிப் பரவினால், தடித்தால், நீர் கொப்புளம் வந்தால், எடுத்த பிறகும் நாளுக்கு நாள் கூடினால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். அதை வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது. அடுத்த பேட்சை ஒட்டுவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

நம் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அப்பா ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனியிலோ தோல் ஷாப்பிலோ வேலை பார்த்தவரா? என் அம்மா ஷூவுக்குப் பசை தடவும் பிரிவில் பல வருடம் இருந்தவர். இந்தப் பேட்ச் வருவதற்கு முன்பு, முழங்காலுக்குக் கடையில் வாங்கி ஒட்டிய சாதாரண பிளாஸ்திரிக்கே கொப்புளம் கொப்புளமாக வந்தது. தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே "என்ன வேலை பார்த்தீங்கம்மா?" என்பதுதான். ஷூ பசையில் சேரும் சில ரெசின்கள், அதாவது பிசின் போன்ற பொருட்கள், சில வகைப் பிளாஸ்திரிகளின் பசையிலும் உண்டு. ஒன்று ஒத்துக்கொள்ளாமல் போனால் மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இதற்கு முதுகில் சின்னச் சின்னதாகப் பொருட்களை ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, மறுபடியும் ஓரிரு நாள் விட்டுப் பார்க்கும் சோதனை இருக்கிறது. பழைய வேலையை மருத்துவரிடம் சொன்னால்தான் அவருக்கு அந்த யோசனையே வரும்.

வெறும் எரிச்சல்தான் என்றால், இடம் மாற்றி ஒட்டுவதுதான் பாதி வைத்தியம். ஏழு நாள் பேட்சுக்கு மேல்கையின் வெளிப்பக்கம், மேல் மார்பு, மேல் முதுகு, விலாப் பக்கம் என்று நான்கு இடங்கள். இடது வலது சேர்த்தால் எட்டு. ஒரே இடத்துக்கு மூன்று வாரத்துக்குள் திரும்பக் கூடாது. எட்டையும் வரிசையாகச் சுற்றினால் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓய்வு கிடைக்கும். ஞாபகத்தை நம்ப வேண்டாம். எங்கள் வீட்டில் மாதக் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்துக்குள் "வ. முதுகு", "இ. கை" என்று பேனாவால் எழுதிவிடுகிறோம். தம்பி வந்து மாற்றினாலும் குழப்பமில்லை.

ஒட்டும் இடத்தை வெறும் தண்ணீரால் துடைத்தால் போதும். சோப்பு, டெட்டால், ஸ்பிரிட், பவுடர், தேங்காய் எண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். முடி இருந்தால் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டுங்கள். சவரம் செய்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், அங்கேதான் எரிச்சல் பிடிக்கும். குளித்து வந்த சூட்டில் ஒட்டாமல், ஃபேன் காற்றில் தோல் நன்றாக ஆறிக் காய்ந்த பிறகு ஒட்டி, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஓரம் பிரிந்தால் காகித டேப்பை ஓரத்தில் மட்டும் ஒட்டலாம். முழுசாக விழுந்துவிட்டால் பழையதையே திரும்ப ஒட்டாதீர்கள், புதியதை வேறு இடத்தில் ஒட்டுங்கள்.

கத்திரி வெயிலில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது உங்களுக்கே தெரியும். வியர்வையைவிடப் பெரிய கவலை அந்தச் சூடுதான். பேட்ச் சூடானால் மருந்து வேகமாக உடம்புக்குள் இறங்கும். வலிக்கிறது என்று அதன் மேலேயே வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளில் கை தானாகச் செய்யும் காரியம். தயவுசெய்து வேண்டாம். மதிய வெயில் விழும் திண்ணையிலும் உட்கார வைக்காதீர்கள். காய்ச்சல் அடித்தால் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். எழுப்பினாலும் சரியாக எழாமல் சொக்கிக்கொண்டே இருந்தாலோ, மூச்சு ரொம்ப மெதுவாகிவிட்டாலோ, பேட்சை எடுத்துவிட்டு உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

எடுக்கும்போது வெடுக்கென்று உரிக்கக் கூடாது. ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, ஓரத்தை ஈரத்துணியால் நனைத்து, பேட்சைத் தோலோடு ஒட்டினாற்போலப் பின்னோக்கி மடித்து மெல்ல இழுங்கள். வயதானவர்கள் தோல் மெல்லியது, மேல்பொருக்கே கூட வந்துவிடும். மிச்சப் பசையையும் தண்ணீராலேயே துடையுங்கள். பிறகு அங்கே வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தடவலாம், அடுத்த பேட்ச் வேறு இடத்துக்குத்தானே போகிறது. அரிப்பு தாங்கவில்லை என்றால் லேசான ஸ்டீராய்டு கிரீமைச் சில நாள் போட மருத்துவர் சொல்வார். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் கூட்டு கிரீம்கள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும், தோல் இன்னும் மெலிந்துபோகும்.

ஆஸ்துமா இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டைத் தோலில் ஒரு தடவை அடித்து, உலர்ந்த பிறகு அதன் மேல் பேட்ச் ஒட்டும் வழியும் உண்டு. வலி மருத்துவர்கள் சிலர் சொல்லித் தருகிறார்கள். அதை அவர்கள் சொல்லிச் செய்யுங்கள்.

எதுவுமே ஒத்துவரவில்லை என்றால் வேறு கம்பெனி பேட்ச், இல்லை மாத்திரை என்று மருத்துவர் மாற்றுவார். பேட்சை எடுத்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் மருந்து உடம்பில் இருக்கும். அதனால் எடுத்த கையோடு வீட்டில் இருக்கும் வேறு வீரியமான வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். எடுத்த பேட்சிலும் மருந்து மிச்சம் இருக்கும். பசைப்பக்கம் உள்ளே போக மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, எப்படி அப்புறப்படுத்துவது என்று மருந்து கொடுத்த இடத்திலேயே கேளுங்கள்.

ஓ.பி.க்குப் போகும் நாளில் சிவப்பு மங்கியிருக்கும், மருத்துவருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. அதனால் பேட்ச் எடுத்த உடனே ஒரு போட்டோ, மறுநாள் அதே இடத்தை இன்னொரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்ச் வந்த அட்டையையும் எடுத்துப் போங்கள்.