நாஸ்கா பாலைவனத்தில் தனியாக வாழ்ந்த ஜெர்மன் பெண் யார்?

மரியா ரைஷேயைத்தான் கேட்கிறீர்கள். 1903-இல் டிரெஸ்டனில் பிறந்தவர், கணிதம் படித்தவர். 1932-இல் பெரு நாட்டின் குஸ்கோ நகரில் ஜெர்மன் தூதரக அதிகாரி ஒருவரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரக் கப்பலேறினார். அங்கே ஒரு விரல் அழுகிப்போய், வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

பிறகு லிமாவில் டியூஷன், மொழிபெயர்ப்பு என்று பிழைப்பு ஓடியது. 1940-களில் அமெரிக்க ஆய்வாளர் பால் கோசோக்குக்கு உதவப்போனபோதுதான் நாஸ்கா கோடுகள் அவரைப் பிடித்துக்கொண்டன. பெருவின் நாஸ்கா பாலைவனத் தரையில் பழங்கால மக்கள் வரைந்துவைத்த பிரம்மாண்டமான கோடுகளும் உருவங்களும்தான் அவை. கோசோக் ஊர் திரும்பினார், இவர் தங்கிவிட்டார்.

கோடு என்றால் வேறொன்றுமில்லை. மேலே கிடக்கும் துரு நிறக் கற்களை ஒதுக்கினால் அடியில் வெளிர் மண் தெரியும், அவ்வளவுதான். நூற்றாண்டுகளாய் மங்கிக் கிடந்த அந்தத் தடங்களை அளவு நாடா, ஏணி, விளக்குமாறு சகிதம் பெருக்கித் துலக்கினார். ஊர்க்காரர்கள் சூனியக்காரி என்றார்களாம். பாலைவனத்தைப் பெருக்கும் வெள்ளைக்காரியை வேறென்ன நினைப்பார்கள்? அங்குள்ள குரங்கு உருவத்துக்குக் கைவிரல் ஒன்பதுதான். மரியாவுக்கும் அதே கணக்கு!

கோடுகள் வானியல் நாட்காட்டி என்ற அவர் கருத்தை இன்று பலர் ஏற்பதில்லை. எனக்கும் அதில் நம்பிக்கையில்லை. ஆனால் அங்கே பாசனத் திட்டம் வராமல் தடுத்ததும், கைக்காசு போட்டுக் காவலாளி வைத்ததும் அவர்தான். 1994-இல் யுனெஸ்கோ அந்தக் கோடுகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முதுமையில் நாஸ்காவில் ஒரு ஹோட்டல் அறைதான் வீடு. பார்வை மங்கிய பிறகும் பயணிகளுக்குக் கோடுகளைப் பற்றிப் பேசிவந்தார். 1998-இல், 95 வயதில் லிமாவில் இறந்தார். பாலைவன ஓரத்தில் அவர் குடியிருந்த சிறு வீடு இப்போது அருங்காட்சியகம், கல்லறையும் அங்கேயேதான்.